எக்ஸ்பாட் யார், லேபர் யார்?

2022-ல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, அங்கே நல்ல வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலர் எழுதியதை நாம் வாசித்தோம். பாதுகாப்பான நாடு, சுத்தமான நாடு, மெட்ரோவைப் பாருங்கள், லுசைல் மைதானத்தைப் பாருங்கள், மேற்கத்திய ஊடகங்களுக்குப் பொறாமை, நாங்கள் இங்கேயே வாழ்கிறோம், அப்படி ஒன்றும் பார்த்ததில்லை. இதுதான் அவற்றின் சாரம்.

மேற்குலகின் இரட்டை வேடம் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாடு பிடித்தவர்கள் மனித உரிமை பேசினால் நமக்கும்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் ஐரோப்பியர் வேடதாரிகள் என்று நிரூபித்துவிட்டால், சம்பளம் வராத தொழிலாளிக்குச் சம்பளம் வந்துவிடுமா?

"நான் பார்த்ததில்லை" என்ற வாதம் நமக்குப் பழக்கமானது. "எங்க ஊர்ல சாதியெல்லாம் இல்லைங்க" என்று சொல்பவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் சேரிப் பக்கம் வந்ததில்லை, அவ்வளவுதான். தோஹாவிலும் ஊர் வேறு, சேரி வேறு. குடும்பங்கள் வசிக்கும் பகுதியில் தொழிலாளர்களைத் தங்கவைக்கக் கூடாது என்று 2010-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். பேர்ல் தீவின் அடுக்குமாடியில் இருப்பவர் கண்ணில் இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்ப் படாமல் இருப்பது தற்செயல் இல்லை.

பெயரிலேயே தீண்டாமை இருக்கிறது. இருவரும் வெளிநாட்டார். இருவரும் விசாவில் வந்தவர்கள். ஒருவர் எக்ஸ்பாட், இன்னொருவர் லேபர். இது நம் கற்பனை அல்ல. இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டெண்டாயி அச்சியுமே, கத்தாரில் பிறந்த நாட்டை வைத்து நடைமுறையில் ஒரு சாதி அமைப்பே இயங்குகிறது என்று 2020 அறிக்கையில் எழுதினார். சாதி என்ற சொல்லையே பயன்படுத்தினார். அண்ணல் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை நினைத்துப் பாருங்கள். கீழே ஒருவன் இருக்கும்வரை நடுப்படியில் நிற்பவன் மேல்படியைக் கேள்வி கேட்க மாட்டான்.

சாவுக் கணக்குக்கு வருவோம். 2010 டிசம்பரில் போட்டி கத்தாருக்குக் கிடைத்ததிலிருந்து பத்து ஆண்டுகளில், ஐந்து தெற்காசிய நாட்டினர் 6,500-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர் என்று 2021-ல் கார்டியன் எழுதியது. இந்தியர் மட்டும் 2,711 பேர். இவர்கள் எல்லோரும் மைதான வேலையில் சாகவில்லை என்கிறார்கள் எக்ஸ்பாட் நண்பர்கள். உண்மைதான், அது எல்லாச் சாவுகளின் கணக்கு. அப்படியானால் எத்தனை பேர் வேலையால் செத்தார்கள்? அதற்குப் பதில் கிடைக்காதபடி பிரேதப் பரிசோதனை இல்லாமலேயே "இயற்கை மரணம்" என்று எழுதி அனுப்பியது யார்? வேலைச் சாவு இல்லையென்றால் இழப்பீடும் இல்லை. மிச்சம் ஒரு பெட்டியும், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடனும்தான்.

சீர்திருத்தம் வந்ததே என்பார்கள். வந்தது. முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று 2020-ல் சட்டம் மாறியது. 2021-ல் குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால் ஆனது. அது எப்படி வந்தது? 2014-ல் ஐ.எல்.ஓ. மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் கொடுத்த புகாரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த நெருக்கடியும் கொண்டுவந்தது. மெட்ரோவைப் புகழ்ந்த பதிவு எதுவும் கொண்டுவரவில்லை. புலம்பெயர்ந்த தொழிலாளி அங்கே சங்கம் வைக்க இன்றும் உரிமை இல்லை.

தோழர்களே, 2034 உலகக் கோப்பையைச் சவூதிக்குக் கொடுத்தாகிவிட்டது. நம் ஊர்களிலிருந்தும் ஆள் போகும். ஒவ்வொரு சாவுக்கும் விசாரணை, குடும்பத்துக்கு இழப்பீடு, ஏஜென்ட் கட்டணத்தை முதலாளியே ஏற்பது, இவற்றை இப்போதே கேட்க வேண்டும். பெட்டி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அதுவரை, "நான் அங்கேதான் இருக்கிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று யாராவது தொடங்கினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தத் தெருவில் இருக்கிறீர்கள்?