தேவதையின் சாவி

வில்லியம் பிளேக் என்ற ஆங்கிலக் கவி 1789-ல் ஒரு பாட்டு வெளியிட்டார். லண்டன் வீடுகளின் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைத்த பாலகர்களைப் பற்றிய பாட்டு அது. பாடுகிற பையனுக்குத் தாய் இல்லை. பேச்சு வராத வயதிலேயே தகப்பன் விற்றுவிட்டான்.

அவனோடு வேலை செய்யும் டாம் ஒரு கனவு காண்கிறான். ஆயிரக்கணக்கான பையன்கள் கறுப்புச் சவப்பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறார்கள். தேவதை ஒன்று வந்து சாவி போட்டுத் திறக்கிறது. பையன்கள் ஆற்றில் குளித்து, வெயிலில் ஓடி விளையாடுகிறார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் கடவுளே உனக்குத் தகப்பன் என்கிறது தேவதை. மறுநாள் விடியுமுன்னே, கடுங்குளிரில், டாம் சந்தோஷமாக வேலைக்குப் போகிறான். கடமையைச் செய்தவனுக்குத் தீங்கு வராதாம்!

இந்தச் சந்தோஷத்தால் யாருக்கு லாபம்? எஜமானுக்குப் பிரம்புச் செலவு மிச்சம். பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? புகைக்கரியால் இந்தத் தொழிலாளருக்குப் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற லண்டன் வைத்தியர் 1775-லேயே எழுதிவைத்தார். கடமையைச் செய்தவனுக்குத்தான் தீங்கு வந்தது!

கவி ஏமாளி அல்ல. 1794-ல் அதே தலைப்பில் இன்னொரு பாட்டு எழுதினார். அதில் பனியில் நிற்கும் பையன் யாரையும் நம்பவில்லை. பெற்றோர் பிரார்த்தனைக்குப் போய்விட்டார்கள். தன் துயரத்தின் மேல்தான் கடவுளும் பாதிரியும் அரசனும் சொர்க்கம் கட்டியிருக்கிறார்கள் என்கிறான். முதல் பாட்டை மட்டும் படித்து, "என்ன கள்ளமில்லாத மனசு!" என்று உருகுகிறவர்களைக் கேட்கிறோம்: இரண்டாவது பாட்டை ஏன் மறைக்கிறீர்கள்? கள்ளமில்லாத மனசு பிள்ளைக்கு அழகு. அதைக் காட்டி ஊரைத் தூங்க வைப்பது அக்கிரமம்.

சரி, பெட்டியைத் திறந்தது யார்? எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்று 1788-லேயே சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எவரும் புகைபோக்கியில் ஏறக் கூடாது என்று 1840-ல் இன்னொரு சட்டம். பையன் ஏறாமலே துடைக்கும் கருவியும் 1803 முதல் இருந்தது. இருந்தும் பிள்ளைகள் ஏறினார்கள். ஏன்? சட்டத்தை அமல் நடத்த ஆள் இல்லை. ஆளில்லாத சட்டமும் தேவதைக் கனவுதான்!

1875-ல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கியில் சிக்கிச் செத்தான். நாடு கொதித்தது. போலீஸிடம் லைசென்ஸ் வாங்கியவனே இத்தொழில் செய்யலாம் என்று அதே வருஷம் சட்டம் வந்தது. அதன் பிறகே இந்தக் கொடுமை ஒழிந்தது. முதல் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 87 வருஷங்கள்! அத்தனை காலமும் சாவி மனிதர் கையில்தான் இருந்தது.

பாட்டு எழுதும் நண்பர்களே, பிள்ளைக்குக் கனவு கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாடுங்கள். ஆலையிலும் வயலிலும் பாடுபடும் தோழர்களே, "சமர்த்துப் பிள்ளை" என்று புகழ்ந்து உங்கள் குழந்தையை எவனாவது வேலைக்குக் கூப்பிட்டால், டாமின் தேவதையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்!