பூட்டி வைத்தால் போதுமா?

விலையுயர்ந்த பொருள் ஒன்று வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது பீரோவின் சாவியைத்தான். நகைக்கு அது பொருந்தும். பட்டுப் புடவையைக்கூட நம் பாட்டிமார் அவ்வப்போது வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி, காற்றாட விட்டு வைப்பார்கள். அப்படியிருக்க, டிஜிட்டல் கேமராவை மட்டும் ஆண்டு முழுவதும் பூட்டி வைப்பது முறையா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும் வந்தால் பள்ளிக் கேமரா வெளியே வருகிறது. விழா முடிந்ததும் உறைக்குள் போய்விடுகிறது. "பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும்" என்கின்றனர் பெரியோர். அவர்கள் கவலை நியாயமானதே. ஆயினும் நம் விரல்களைவிடக் கேமராவுக்குப் பெரிய பகை ஒன்று உண்டு. அதுதான் ஈரம்.

காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் லென்ஸில் பூஞ்சை வளர இடமுண்டு. நம் கடற்கரை ஊர்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஈரப்பதம் அதனினும் மிகுதி. தோலுறையோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூட்டிய பீரோவில் வெளிச்சமும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு ஏது? சிலந்தி வலைபோல மெல்லிய இழைகளாகப் பரவி, தான் சுரக்கும் அமிலத்தால் லென்ஸின் மேற்பூச்சை அது அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்தத் தழும்பு மறையாது.

துடைப்பதற்கும் முறை உண்டு. ஒளி எதிரொளித்து வீணாகாமல் காக்கும் அந்த மேற்பூச்சு, 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டறிந்த முறையின் வழிவந்தது. ஒற்றைப் பூச்சின் தடிமன், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தூசியிலுள்ள மணல்துகளோடு சேர்த்துச் சேலைத் தலைப்பால் தேய்த்தால் கீறல் விழாதா? ஆகவே முதலில் ரப்பர் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட வேண்டும். எஞ்சியதை மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும். விரல்ரேகை போன்ற கறை இருந்தால் மட்டும், மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வட்டமாகத் துடைக்கலாம். திரவத்தை நேரே லென்ஸின்மேல் விட்டால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

ஃபிலிம் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமின் புதிய பகுதி வந்து நிற்கும். டிஜிட்டல் கேமராவிலோ எல்லாப் படங்களுக்கும் ஒரே சென்சார்தான். அதன்மேல் விழுந்த தூசி, படந்தோறும் அதே இடத்தில் கரும்புள்ளியாக நிற்கும். எஃப் 16 துளையில் வெறும் வானத்தைப் படமெடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆதலால் லென்ஸை மாற்றும்போது கேமராவை அணைத்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, விரைந்து மாற்றுதல் நன்று. ஊதுகுமிழுக்கும் அசையாத தூசியைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

இவற்றுள் எது நம்மால் கற்க இயலாதது? குத்துவிளக்கைத் துலக்கவும், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடவும் பழகிய கைகள் இதையும் பழகும். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பயின்றும், கேமராவின் முன்னால் நின்று சிரிக்க மட்டுமே அறிந்து வெளியேறுவது நமக்குப் பெருமையா? அதன் பின்னால் நின்று படமெடுக்கவும் நாம் அறிய வேண்டாமா?

எனவே மதிப்பிற்குரிய அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் நாம் வேண்டுவது இதுதான். தோலுறையை நீக்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளுடன் கேமராவை வைப்போம். நெடுநாள் பயன்படுத்தாவிடில் மின்கலத்தைக் கழற்றி வைப்போம். மாதம் ஒரு நாள், ஆசிரியை ஒருவர் முன்னிலையில், இரு மாணவியர் அதை எடுத்துத் தூசி நீக்கி, பத்துப் படங்களேனும் எடுத்து, குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். ஒவ்வொரு மாதமும் வேறு இருவர் வரட்டும்.

சாவி பெரியோரிடமே இருக்கட்டும். பீரோ திறக்கும் நாள்கள் மட்டும் கூடட்டும். கேமராவும் கெடாது, நாமும் கற்போம்.