டாலர் நோட்டில் தேட வேண்டாம்

டாலர் நோட்டைப் பெரிதாக்கி, பிரமிடின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'அமெரிக்காவை ஆள்வது ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தார்தான்' என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களை என் பழைய மாணவர்கள் அடிக்கடி அனுப்புகிறார்கள். வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பதில் ஒன்றுதான்: தேடுகிற இடம் தப்பு. அந்தக் கண் இடம்பெற்ற அரசு முத்திரைக்காக 1776இல் அமைந்த முதல் குழுவில் ஃப்ரீமேசன், சுருக்கமாக மேசன், என்று இருந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மட்டுமே. கண்ணைப் போடச் சொன்ன ஓவியர் மேசனே அல்ல.

அந்தச் சங்கத்துக்கும் ஆட்சிக்கும் இருந்த தொடர்பு ஊரறிந்தது. 1789இல் முதல் ஜனாதிபதியாக வாஷிங்டன் கைவைத்துப் பதவியேற்ற பைபிள், நியூயார்க்கில் ஒரு மேசன் லாட்ஜிலிருந்து, அதாவது கிளைச் சபையிலிருந்து, எடுத்துவரப்பட்டது. பதவிப் பிரமாணம் செய்துவைத்த ராபர்ட் லிவிங்ஸ்டன், அந்த மாநில மேசன்களின் தலைவரான கிராண்ட் மாஸ்டர். 1793இல் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலுக்கு அடிக்கல் நாட்டியபோது ஜனாதிபதியின் கையில் இருந்தது வெள்ளிக் கரணை. தானியம், ஒயின், எண்ணெய் படைத்து, மேசன் முறைப்படி ஊரைக் கூட்டி நடந்த சடங்கு அது.

ரகசியம் வேறிடத்தில் கசந்தது. நியூயார்க் மாநிலத்தின் படேவியா ஊரில் இருந்த வில்லியம் மார்கன், 1826இல் மேசன்களின் ரகசியச் சடங்குகளைப் புத்தகமாகப் போடப்போவதாக அறிவித்தார். மூன்று டாலர்கூடத் தேறாத கடனுக்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஓர் இரவு யாரோ கடனைக் கட்டி அவரை வெளியே எடுத்து, காத்திருந்த குதிரை வண்டியில் திணித்தார்கள். நயாகரா கோட்டை வரை தடம் கிடைத்தது. அதன்பின் ஆளைக் காணோம். உடந்தையென்று சிறை சென்றவர்களில் மாவட்ட ஷெரீஃப் எலி புரூஸும் ஒருவர், அவரும் மேசன். கொலைக் குற்றத்துக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அன்றைய கவர்னர் டி விட் கிளின்டனும் மேசன்தான். ஆனாலும் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசு அறிவித்தார். தனி மனிதர் நேர்மையாக இருக்கலாம். ஆனால் பிடிக்க வேண்டியவரும் பிடிபட வேண்டியவரும் ஒரே சபையில் சகோதரர்கள் என்றால் ஜனம் எதை நம்பும்?

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மேசன் எதிர்ப்புக் கட்சி. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அது 1831இல் பால்டிமோரில் பிரதிநிதிகளைக் கூட்டியது. அமெரிக்காவில் ஒரு கட்சி கூட்டிய முதல் தேசிய மாநாடு அது. மறு ஆண்டுத் தேர்தலில் வெர்மான்ட் ஒன்றில்தான் ஜெயித்தது. சில ஆண்டுகளில் கட்சி கரைந்துபோனது. மாநாட்டு வழக்கத்தைப் பெரிய கட்சிகள் சுவீகரித்துக்கொண்டன.

சங்கம் சேர்வது குற்றமல்ல. ஆனால் எந்த நாடானாலும் நீதிபதியும் போலீஸ் அதிகாரியும் தாங்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சங்கத்தவர் மேல் வழக்கு வந்தால் விலகி நிற்கட்டும். மார்கன் வழக்கில் இல்லாமல் போனது இந்த ஒரு விதிதான்.