பொருண்மையும் பொருளும்

இன்று சமூக விஞ்ஞானத் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றைப் புரட்டினால் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்பக் காணப்படும். வினாக்கொத்தின் இரு வினாக்களைக் கொண்டு ஒரு குறுக்கட்டவணை அமைக்கப்படும், கணனி ஒரு கை வர்க்கப் பெறுமானத்தைத் தரும், நிகழ்தகவு 0.05இலும் குறைவு எனக் காட்டப்படும். உடனே "இவ்விரு மாறிகளுக்குமிடையே வலுவான தொடர்பு உண்டு" என்ற முடிவு எழுதப்படும். அம்முடிவு பல வேளைகளில் ஆதாரமற்றது. அதனிலும் பாரதூரமானது, ஆதாரம் எங்கே எனக் கேட்க வேண்டிய இடத்திலிருப்போர் மௌனம் சாதிப்பதாகும்.

பால், மதம், மாவட்டம், மொழிமூலம், தொழில் ஆகியன வகைசார் மாறிகள். இவை மனிதரைக் கூறுகளாகப் பிரிக்கின்றனவேயன்றி, நிறையையோ உயரத்தையோ போல அளந்து காட்டுவனவல்ல. இத்தகைய மாறிகள் ஒன்றையொன்று சாராதிருப்பின், நாம் அவதானித்த அட்டவணையோ அதனிலும் விலகிய அட்டவணையோ தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவு யாது? 1900இல் கார்ல் பியர்சன் வகுத்த கை வர்க்கப் பரிசோதனை விடையளிப்பது இவ்வொரு வினாவுக்கே. தொடர்பு எவ்வளவு வலிமையானது என்பது வேறொரு வினா. முன்னதன் விடையைப் பின்னதன் விடையாகக் கொள்வதே நாம் கண்டிக்கும் தவறாகும்.

எளிய உதாரணமொன்றை நோக்குவோம். ஆண்கள் ஐம்பதின்மருள் 28 பேரும், பெண்கள் ஐம்பதின்மருள் 22 பேரும் ஒரு கருத்தை ஆதரிக்கின்றனர் எனக் கொள்வோம். கை வர்க்கம் 1.44, நிகழ்தகவு ஏறத்தாழ 0.23. ஐந்து சதவீத மட்டத்துக்குரிய எல்லையான 3.84ஐ இது எட்டாமையால் "தொடர்பு இல்லை" என எழுதிவிடுவர். இனி அதே விகிதங்கள் 1,000 பேரிடம் காணப்பட்டனவென்க: ஆண்கள் 500 பேருள் 280, பெண்கள் 500 பேருள் 220. கை வர்க்கம் 14.4 ஆகிவிடும், நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்றிலும் குறையும், அதே ஆய்வாளர் இப்பொழுது "மிக வலுவான தொடர்பு" என எழுதுவார். ஆனால் தொடர்பின் வலிமையைக் காட்டும் ஃபை குணகம் இரு அட்டவணைகளிலும் 0.12தான். மாறியது தொடர்பன்று, எண்ணப்பட்ட தலைகளின் தொகையே.

இவ்வேறுபாடு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. சுவீடன் நாட்டுக் கணிதவறிஞர் ஹெரால்ட் கிராமர் 1946இலேயே, அட்டவணையின் பருமன் எதுவாயினும் 0 இற்கும் 1 இற்கும் இடையே அமையும் ஒரு குணகத்தைத் தந்தார். குட்மன், குறுஸ்கல் ஆகிய இருவரும் 1954 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், குணகம் ஒவ்வொன்றும் விளங்கத்தக்க ஒரு பொருளைக் கொண்டிருத்தல் வேண்டுமென வாதிட்டனர். அவர்களது லாம்டா, ஒரு மாறியை அறிந்திருப்பதால் மற்றதை ஊகிப்பதில் நேரும் பிழை எவ்வளவு குறைகின்றது என்பதைக் கூறும். அவர்களது காமா, வரிசைப்படுத்தத்தக்க வகைகளுக்கே உரியது. ஆகவே குணகமொன்றைத் தெரிவு செய்வது ஒரு வினாவைத் தெரிவு செய்வதாகும்.

மென்பொருள் இத்தெரிவை எமக்காகச் செய்யாது. 1968இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்.பி.எஸ்.எஸ்., ஃபை, கிராமரின் குணகம், லாம்டா, காமா, கெண்டலின் டோ என அனைத்தையும் ஒரே சாளரத்தில் அடுக்கி வைத்திருக்கின்றது. விரும்பியவற்றுக்கு எதிரே அடையாளமிட்டால் யாவும் வந்து குவியும். மதங்களுக்கு 1, 2, 3, 4 எனக் குறியீடிட்டு அவற்றுக்கும் வருமானத்துக்குமிடையே பியர்சனின் இணைபுக் குணகத்தைக் கேட்டாலும், நான்காவது மதம் இரண்டாவதைப் போல் இரு மடங்கா என அந்த இயந்திரம் திருப்பிக் கேட்பதில்லை. வகைகளுக்குப் பின்னால் தொடர்ச்சியான ஓர் அளவு மறைந்திருப்பதாகப் பியர்சன் கொண்ட எடுகோளை, 1912இல் உட்னி யூல் அம்மை குத்திக்கொண்டோர், குத்திக்கொள்ளாதோர், பிழைத்தோர், இறந்தோர் பற்றிய அட்டவணைகளை முன்வைத்துக் கடுமையாகத் தாக்கினார். அறிஞர் இருவர் பகை கொள்ளுமளவுக்கு விவாதித்த வினாவை நாம் சுட்டியின் ஓர் அழுத்தத்தால் தாண்டிச் செல்கின்றோம்.

இதனால் விளையக்கூடிய கேட்டினை உணர்த்த ஓர் உண்மை நிகழ்வு போதும். 1973ஆம் ஆண்டு இலையுதிர்காலப் பருவத்துக்குக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர். பெண்கள் 4,321 பேர். ஆண்களில் 44 சதவீதத்தினரும் பெண்களில் 35 சதவீதத்தினரும் அனுமதி பெற்றனர். இவ்வட்டவணையின் கை வர்க்கம் ஏறத்தாழ 111. நமது வாய்பாட்டின்படி பெண்களுக்கெதிரான பாரபட்சம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் ஃபை குணகமோ 0.09 அளவினதே. லாம்டா பூச்சியம், இரு பாலாரிலும் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டமையால், விண்ணப்பதாரியின் பாலை அறிவது ஊகத்தைச் சிறிதும் திருத்துவதில்லை. அவ்வாறாயின் பாரபட்சமே இல்லையெனலாமா? ஒன்பது சதவீத வேறுபாடு பல்லாயிரவரிடையே பல நூறு வாழ்க்கைகளைக் குறிக்கின்றதே! ஓர் இலக்கம் குற்றஞ்சாட்டுகின்றது, இன்னொன்று விடுவிக்கின்றது. எந்த இலக்கமும் தீர்ப்பன்று.

பிக்கெல், ஹமெல், ஓகொனெல் ஆகியோர் 1975இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இவ்வட்டவணையைத் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒப்பிடத்தக்க 85 துறைகளுள் பெண்களுக்குப் பாதகமான பொருண்மையான விலகல் நான்கிலேயே இருந்தது. ஆண்களுக்குப் பாதகமானது ஆறில் இருந்தது. அனுமதி கிடைப்பதரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தமைதான் மொத்த அட்டவணையின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. எனினும் அவ்வாசிரியர்கள் அத்துடன் கைகழுவிவிடவில்லை. பெண்களை இடநெருக்கடி மிக்க, நிதிவளங் குன்றிய துறைகளை நோக்கித் திருப்பும் சமூகப் பயிற்சியையும் கல்வியையும் சுட்டினர். துறையை மூன்றாவது மாறியாகச் சேர்க்கும்படி எந்தக் கணனியும் அவர்களிடம் சொன்னதில்லை. பல்கலைக்கழக அனுமதி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்த மனித மூளையே அதனைச் சொன்னது.

1970களின் தரப்படுத்தலை அறிந்த நம் சமூகத்துக்குப் 'பல்கலைக்கழக அனுமதி' என்ற தொடரின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. மாவட்டம், மொழிமூலம், இனம் என்பன நமக்கு வெறும் மாறிகளல்ல. அவற்றைக் கொண்டமைக்கும் ஒவ்வோர் அட்டவணையும் யாரேனும் ஒருவருக்கு நியாயம் கோரவோ, யாரேனும் ஒருவரது அநியாயத்தை மறைக்கவோ பயன்படக் கூடியது. நியாயம் நம் பக்கமிருக்கையில் பலவீனமான வாதத்தை முன்வைப்பது, அந்நியாயத்துக்கே நாம் இழைக்கும் துரோகமாகும்.

"மாணவர் கணிதம் பயின்றவரல்லரே" என்று சிலர் சமாதானம் கூறுவர். இது ஏற்கத்தக்கதன்று. இரு சதவீதங்களை அருகருகே எழுதி அவற்றின் வேறுபாட்டை நோக்க உயர்கணிதம் எதற்கு? "சஞ்சிகைகள் பி-பெறுமானத்தையே கேட்கின்றன" என்பர் வேறு சிலர். 2016இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கமே, பி-பெறுமானம் ஒரு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ காட்டுவதில்லை என வெளிப்படையாக அறிக்கையிட்டபின் இவ்வாதமும் நில்லாது.

நாம் கோருவன மிகையானவையல்ல. சதவீதங்களின்றிக் கை வர்க்கம் மட்டும் தரப்படும் அட்டவணை ஏற்கப்படலாகாது. குணகம் எதுவாயினும், அதனைத் தெரிந்தமைக்கான காரணம் ஒரு வாக்கியத்திலேனும் எழுதப்படல் வேண்டும். எதிர்பார்க்கப்பட்ட மீடிறன் ஐந்திலும் குறைந்த கூடுகள் உள்ளன எனக் கணனி அட்டவணையின் அடியில் இடும் எச்சரிக்கையை வெட்டியெறிந்துவிட்டு மேற்பகுதியை மட்டும் ஒட்டும் வழக்கம் நேர்மையீனம் எனவே கொள்ளப்படல் வேண்டும். மறைந்துநிற்கும் மூன்றாவது மாறி யாதாயிருக்கலாம் என்பதை மாணவன் சிந்தித்தானா என வாய்மொழிப் பரீட்சையிற் கேட்பது விரிவுரையாளரின் கடமையாகும்.

கணனி கணிக்கட்டும், அது அதன் தொழில். எதைக் கணிப்பது, கணித்ததற்குப் பொருள் யாது என்பவற்றைத் தீர்மானிப்பது நம் தொழில். அத்தொழிலையும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், நாம் வழங்கும் பட்டங்கள் எதற்குச் சான்று என்ற வினாவுக்கு எந்தக் குணகமும் விடை தரப்போவதில்லை.