விண்ணப்பிக்கவே பத்து நாள் கூலி

கோட்டுகாலில் ஓர் இளைஞர் கைபேசியிலேயே குறும்படம் எடுத்துவிடலாம். அதை வெளிநாட்டு விழாக்களின் தேர்வுக்கு அனுப்பத்தான் பொருள் வேண்டும். ஒரு விழா 40 டாலர் கேட்டால், ஊரக வேலைத் திட்டத்தில் கேரளத்துக்கு 2024-25இல் வரையறுக்கப்பட்ட 346 ரூபாய்க் கூலிக்கு அது ஏறத்தாழப் பத்து நாள் உழைப்பு. கடைசி நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். படம் தேர்வாகாவிட்டாலும் பணம் திரும்பாது. ஃபிலிம்ஃப்ரீவே போன்ற இணையவழி நிறுவனங்கள் இதில் தமக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆக, நிராகரிக்கப்படுவோரும் விழாச் செலவைச் சுமக்கின்றனர். இதற்குத் திறமைத் தேடல் என்று பெயர் வேறு!

கேரளம் வேறு வழியையும் கண்ட மண். ஜான் ஆபிரகாமின் ஒடேசா இயக்கம் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டியே 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை உருவாக்கியது. அம்மக்களிடமே கொண்டுசென்று திரையிட்டது.

விழா நடத்தச் செலவாகும் என்பர். உண்மைதான். அதை அரசும் விளம்பரதாரரும் ஏற்கட்டும். பொதுப்பணத்தில் நடைபெறும் எந்த விழாவும் முதற்படம் எடுப்போரிடம் கட்டணம் பெறலாகாது. வெளிநாட்டு விழாக்களுக்கு விண்ணப்பிக்கும் எளியோரின் கட்டணத்தைக் கேரள அரசின் சலச்சித்ர அகாதமி ஏற்க வேண்டுமெனத் தோழர்கள் கோர வேண்டும். அதற்கிடையே, எல்லையோரக் கிளைகள் தத்தம் ஊர் நூலகங்களில் இத்தகைய படங்களைத் திரையிடத் தொடங்கலாம்.