எட்டு அங்கமும் நிலத்தில் தோய

சென்ற கிருத்திகையன்று போடிநாயக்கனூர் சுப்பிரமணியசுவாமி கோயிலில், தீபாராதனை முடிந்து அனைவரும் கொடிமரத்தருகே விழுந்து வணங்கினர். எழுபத்துநான்கு வயதான நண்பர் ஒருவர் மட்டும் தூணைப் பற்றியபடி நின்றிருந்தார். நாற்பது ஆண்டுகள் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். வெளியே வந்ததும், "தம்பி, விழுவதற்குப் பயமில்லை, எழுவதற்குத்தான் பயம்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

விஷயம் இதுதான். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேத்தி, தான் பயிலும் 'அஷ்டாங்க யோக' வரிசையைத் தாத்தாவுக்கும் கற்பிக்க முனைந்திருக்கிறாள். முதல் நாளே பத்து ஆசனங்கள். மூன்று நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. "பதஞ்சலி முனிவர் சொன்னது என்கிறாளே, அது என்னை ஏன் இப்படிப் படுத்துகிறது?" என்பது அவருடைய கேள்வி.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு. தில்லையில் வியாக்கிரபாதரோடு கூத்தனின் நடனம் கண்டவராக நாம் போற்றும் பதஞ்சலி கூறிய எட்டு அங்கங்கள் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவற்றையே விரிக்கிறார். இவற்றுள் ஆசனம் மூன்றாவது படி மட்டுமே. பேத்தி பயில்வதோ மைசூரில் பட்டாபி ஜோயிஸ் 1948-இல் தொடங்கிய நிலையத்திலிருந்து பரவிய ஒரு பயிற்சி முறை. அதன் முதல் வரிசைக்கு 'யோக சிகிச்சை' என்று பெயர். சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, நின்றபடி செய்பவை, அமர்ந்து முன் குனிபவை எனச் சென்று, பத்மாசனத்திலும் சவாசனத்திலும் நிறையும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு; ஒவ்வொரு நிலையிலும் பெரும்பாலும் ஐந்து மூச்சு.

ஆனால், அம்முறையிலேயே ஒரு நல்ல மரபு உண்டு. மைசூரில் ஆசிரியர் மாணவருக்கு ஆசனங்களை ஒவ்வொன்றாகவே தருவார். ஒன்று நிலைபெற்ற பிறகே அடுத்தது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஓய்வு. பேத்தியின் ஆர்வம் இந்த மரபை மறந்துவிட்டது. பிழை அன்பினால் வந்தது.

ஜோயிசுக்கு ஆசிரியரான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்கு வேகமான வரிசைகளைக் கற்பித்தவர். பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, நோயாளிகளுக்கும் முதியோர்க்கும் அவரவர் உடலுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார். நூறாண்டு வாழ்ந்தவரின் இந்தப் பிற்காலப் பாடமே நம் வயதினர்க்கு உரியது என்பது என் கருத்து. முழங்கால் தேய்ந்தவர் பத்மாசனத்துக்கு ஆசைப்பட வேண்டாம். திருமூலர் குறிக்கும் ஆசனங்களுள் சுகாதனமும் ஒன்றல்லவா! இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலையை மிகத் தாழ்த்தும் நிலைகளை மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. மூச்சை அடக்கவும் வேண்டாம்.

நண்பருக்கு உண்மையில் வழி காட்டியவர் வேறொருவர். போடிமெட்டு மலைச்சாலையில் விடியுமுன் ஜீப்புகளில் ஏறிச் செல்லும் ஏலத்தோட்டப் பெண்களை இவ்வூரார் அறிவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் பறிக்க வேண்டும். அது தவமன்று, பிழைப்பு. இரவில் அவர்களுக்கும் இடுப்பு வலிக்கும். எனினும் எழுந்திருக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியும். முன்பு நண்பரிடம் காய் தரம் பிரித்த மூதாட்டி ஒருவர் வீட்டுக்கு வந்தபோது செய்து காட்டினார்: "முதலாளி, சடக்கென்று எழக்கூடாது. முதலில் மண்டி போடுங்கள். ஒரு காலை முன்னால் ஊன்றுங்கள். அந்தத் தொடையில் இரு கையையும் அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள்."

பேத்தி வியந்து பார்த்தாளாம். அன்று முதல் அவள் வைத்த பாடம் மூன்றே: நேராக நின்று ஐந்து மூச்சு, சுவரில் கையூன்றி மெல்லக் குனிதல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு எழுதல். வெறும் வயிற்றில், காலையில், கால் மணி நேரம்.

தலை, கைகள், செவிகள், மோவாய், புயங்கள் என எட்டும் நிலத்தில் தோய்வது அஷ்டாங்க நமஸ்காரம். தலை, கைகள், முழந்தாள்கள் மட்டும் தோய்வது பஞ்சாங்கம். "அது பெண்கள் செய்வதாயிற்றே, தம்பி" என்று நண்பர் தயங்கினார். முருகன் கணக்குப் பார்க்க மாட்டான் என்றேன்.

அடுத்த கிருத்திகைக்கு அவர் ஒரு கையால் தூணைப் பற்றி மண்டியிட்டு, நெற்றியை நிலத்தில் வைத்தார். எழச் சற்று நேரமாயிற்று. அர்ச்சகர் திருநீற்றுத் தட்டுடன் காத்திருந்தார்.