எப்போது விற்பாய்?

ராத்திரி பதினோரு மணிக்கு போன். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் படிக்கும் என் அக்கா மகன். அவனுக்கு அது மத்தியானம், நமக்கு வயிற்றைக் கலக்கும் நேரம். "மாமா, பயப்படாதீங்க. ஒரு நல்ல ஷேர் சொல்லுங்க" என்றான்.

விஷயம் இதுதான். அவன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் முதலீட்டு நிதி ஒன்று இருக்கிறது. அதில் சேர விண்ணப்பம் போட வேண்டும். மதிப்பெண் பட்டியல், பயோடேட்டா, கூடவே 'இந்தப் பங்கை ஏன் வாங்கலாம்' என்று ஒரு பக்கக் கட்டுரை. பிறகு நேர்காணல். விளையாட்டுக்கு வாங்கி விற்கும் போலிப் பணம் என்று நினைத்தேன். "இல்ல மாமா, நெஜ டாலர்" என்றான்.

யார் வீட்டுப் பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடை, அல்லது கல்லூரியின் சொந்த நிதியில் ஒரு பங்கு. ஆனால் டென்னஸி பக்கத்துக் கதை சுவாரஸ்யம். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தை 1948ல் எதைப் பார்த்து அமைத்தார்களோ, அந்த டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் அங்கே அணுமின் நிலையங்களையும் நடத்துகிறது. ஆயுள் முடிந்ததும் அந்த உலைகளைப் பத்திரமாகப் பிரித்து அப்புறப்படுத்த இப்போதே பணம் சேர்த்து வைக்க வேண்டும். அந்தச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை 1998 முதல் தன் பகுதிப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் முதலீடு செய்யக் கொடுத்து வருகிறது. எஸ் அண்ட் பி 500 குறியீட்டைவிட அவர்கள் அதிகம் ஈட்டினார்களா என்றும் கணக்குப் பார்க்கிறது.

இந்தப் பழக்கம் புதிதல்ல. பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் மாணவர் முதலீட்டு மன்றம் 1946லேயே தொடங்கிவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1986ல் வந்தது. அங்கே முதல் வருடம் ஆராய்ச்சி வேலை மட்டும்தான். மறுவருடம்தான் நிதி கைக்கு வரும். சமையல்கட்டில் நுழைந்த அன்றே யாரும் கல்யாணப் பந்திக்கு உலை வைப்பதில்லையே.

சரி, என் பதிலுக்கு வருகிறேன். இருபது வருடமாகப் பங்கு வாங்குகிறவன் என்ற கெத்தில், "ஆப்பிள்னு எழுதுடா, உலகமே அந்த போனைத்தான் வெச்சிருக்கு" என்றேன். எழுதினான். நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டவர்கள் சீனியர் மாணவர்கள். பேராசிரியர் ஓரமாக உட்கார்ந்திருந்தாராம்.

முதல் கேள்வி: "நீ சொல்றது எல்லாருக்கும் தெரியும். அது விலையில ஏற்கெனவே ஏறியிருக்காதா? உனக்கு மட்டும் என்ன தெரியும்?" இரண்டாவது: "எப்போ விப்ப?" இவன், "விலை குறைஞ்சா" என்றிருக்கிறான். "கம்பெனி நல்லா இருந்து விலை மட்டும் குறைஞ்சா, இன்னும் வாங்கணுமே, ஏன் விக்கிற?" பதில் இல்லை. இடமும் இல்லை.

அவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று அக்கா என்மீது பாய்ந்தாள். நியாயம்தான். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது. நண்பர் சொன்னாரே என்று வாங்கிய கட்டுமானக் கம்பெனிப் பங்கு ஒன்று என் டீமேட் கணக்கில் பன்னிரண்டு வருடமாகத் தூங்குகிறது. நூறு ரூபாய் போட்டால் பதினாறு ரூபாய் மிச்சம். "வித்துட வேண்டியதுதானே?" என்று மனைவி ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள். "ஏறும்" என்பேன்.

அடுத்த செமஸ்டரில் மறுபடி விண்ணப்பித்தான். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. அவனிடம் ஒரு ஓட்டை கார் இருக்கிறது. பிரேக் தேய்ந்தால், பேட்டரி இறங்கினால் ஆட்டோஜோன் கடைக்குத்தான் போவான். மெம்ஃபிஸ் நகரில் தலைமையகம் வைத்திருக்கும் உதிரிபாகக் கம்பெனி. அங்கே யார் வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறான். அமெரிக்கச் சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வாரன்டி முடிந்த கார்தான் இந்தக் கடைக்குச் சோறு போடுகிறது. லாபத்தை டிவிடெண்டாகத் தராமல், அந்தக் கம்பெனி தன் பங்கையே சந்தையில் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பதையும் எழுதினான்.

ஆண்டறிக்கையில் 'எங்களுக்கு என்னென்ன ஆபத்து' என்று கம்பெனியே பட்டியல் போட வேண்டும். பெரும்பாலோர் தாண்டிப் போகும் பக்கங்கள். இவன் அதை முதலில் படித்தான். மின்சார காருக்கு என்ஜின் ஆயிலும் வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம். ஆகவே கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'பழைய கடைகளின் விற்பனை தொடர்ந்து நான்கு காலாண்டு குறைந்தால் விற்பேன், விலை என்னவாக இருந்தாலும்' என்று எழுதிவிட்டான்.

(நீங்கள் ஓடிப்போய் அதை வாங்க வேண்டாம். என் சிபாரிசின் லட்சணத்தை மேலே பார்த்தீர்கள்.)

சேர்த்துக்கொண்டார்கள். "கார் மெக்கானிக் வேலையா?" என்று அக்கா கேட்டாள். அது வேறு பஞ்சாயத்து. அந்தப் பங்கை நிதியில் வாங்கவில்லை. ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டதாம், விலை அதிகம் என்று மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி வாதாடி ஜெயித்தாளாம். அவள் சொன்னதும் சரிதான் என்கிறான் இவன்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. என் பங்குப் பட்டியலை அனுப்ப வேண்டுமாம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எப்போது விற்பேன் என்று எழுதி. மூன்று முடித்துவிட்டேன். கட்டுமானக் கம்பெனிக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. மனைவி பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.